பழைய வீட்டுக்காரர் எதை விட்டுப் போவார், எதைக் கழற்றிக்கொண்டு போவார்?

சிங்கப்பூர் வந்த முதல் சில ஆண்டுகள் நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டில்தான் இருப்போம். கணவன், மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால், அந்தத் தகுதி கிடைத்து மூன்று ஆண்டு ஆன பிறகே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு வாங்க முடியும். அந்த நாள் வந்ததும் விலை, கடன், எம்ஆர்டி ரயில் நிலைய தூரம், அந்த புளோக்கில் நம் இனத்தவருக்கான ஒதுக்கீடு எல்லாவற்றையும் அலசுகிறோம். இப்போது கண்ணில் படுகிற பொருள்களில் எவை சாவி வாங்கும் அன்றும் இருக்கும் என்பதை மட்டும் கேட்க விட்டுப்போகிறது.

ஊரில் வாடகை வீட்டில் மின்விசிறி, டியூப்லைட் எல்லாம் நாமே மாட்டி, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்ப் பழகியவர்கள் உண்டு. இங்கே வீடு விற்கும்போது சுவரிலும் கூரையிலும் பொருத்தியவை வீட்டோடு சேர்ந்தவை, தூக்கிக்கொண்டு போகக்கூடியவை விற்பவருடையவை என்பதுதான் பொதுவான கணக்கு. ஏசி, ஹீட்டர், அடுப்படி அலமாரிகள், ஜன்னல் கம்பி, இரும்புக் கேட் இவற்றுக்கு அநேகமாகச் சண்டை வராது. திரைச்சீலை, ஹாலின் அலங்கார விளக்கு, டிவி மாட்டிய பிராக்கெட், டிஜிட்டல் பூட்டு, மேடைக்கடியில் நுழைத்து வைத்த வாஷிங் மெஷின் ஆகியவற்றில்தான் மனக்கசப்பு வரும். இரு தரப்புமே தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக நினைப்பார்கள்.

ஆகவே ஆப்ஷன், அதாவது வீட்டை உங்களுக்கே விற்பதாக விற்பவர் தரும் உரிமைப் படிவம், வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். ஆப்ஷனுக்கு நீங்கள் தரும் தொகை 1 முதல் 1,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருக்கும்; அதற்குப் பிறகு வாங்குவதா என்று முடிவு செய்ய 21 நாள் அவகாசம். படிவம் வீவக வகுத்தது, நம் விருப்பத்துக்கு அதில் வரி சேர்க்க இடமில்லை. பொருள்களைத் தனித்தாளில் எழுதுங்கள். ‘எல்லா ஃபர்னிச்சரும்’ என்று மொத்தமாக எழுதினால் அந்தத் தாளால் பயனே இல்லை. ‘பெரிய அறை ஏசி, ஜன்னலோர இரண்டு கதவு அலமாரி, அடுப்படி ஹூட்’ என்று ஒவ்வொன்றாக எழுதி, படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஏஜென்டுகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ‘வேண்டாம், எடுத்துப் போய்விடுங்கள்’ என்று சொன்னவற்றுக்கும் ஒரு பட்டியல் அவசியம்.

சிலர் சோபாவுக்கும் கட்டிலுக்கும் தனியாக விலை கேட்பார்கள். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அதை வீட்டு விலைக்குள் கலக்கவே கலக்காதீர்கள். வீவகவிடம் அறிவிக்கும் விலை வீட்டின் உண்மையான விலையாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பழைய சோபாவுக்குக் காசு கொடுக்க வேண்டாம். வீடு மாறுகிற குடும்பங்கள் நல்ல பொருளையே கரோசல் என்னும் இணையச் சந்தையில் மலிவாகவும் இலவசமாகவும் போடுகிற ஊர் இது.

அடுப்படியில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். விற்பவர் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனால், கல்மேடையில் நீளச்சதுர ஓட்டை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த அளவுக்கே பொருந்தும் அடுப்பைத் தேடி அலைய வேண்டும், இல்லையென்றால் மேடையையே மாற்ற வேண்டும். அடுப்பை விட்டுப்போனாலும், அது குழாய் எரிவாயுவுக்கானதா சிலிண்டருக்கானதா என்று கேளுங்கள். ஒன்றுக்கான அடுப்பை மற்றதில் அப்படியே மாட்டக் கூடாது. குழாய் இணைப்பைப் பிரிப்பதும் அடைப்பதும் உரிமம் பெற்ற எரிவாயு ஊழியரின் வேலை. ‘நானே கழற்றிவிடுகிறேன்’ என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

சீனக் குடும்பத்தின் வீடு என்றால் ஹாலில் சாமி மேடையும், வாசல் சுவரில் ஊதுபத்தி செருகும் சிறு சிவப்புத் தகரமும் இருக்கலாம். அதற்குரிய முறைப்படி, நாள் பார்த்து அவர்களே எடுத்துச் செல்லட்டும். அவசரப்பட்டுக் கழற்றிக் குப்பையில் போடாதீர்கள். நம்மவர் வீடானால் பூஜை அலமாரியை விட்டுப் போகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் மேலே கூரையில் புகைக் கறை இருக்கும், வெள்ளையடிக்கும் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டாத பொருள் அதிகம் தங்குவது வெடிகுண்டுப் புகலிட அறையில். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில், தடித்த இரும்புக் கதவுடன் இருக்கும் இந்த அறையை எல்லோரும் ஸ்டோர் ரூமாகவே பயன்படுத்துகிறார்கள். பழைய மெத்தை, பெயின்ட் டின், ஓடாத ஃபேன் எல்லாம் அங்கே ஒதுங்கியிருக்கும். கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கழிக்க வேண்டிய பெரிய பொருளுக்கு நகர மன்றத்தைக் கேட்கலாம், ஆனால் எண்ணிக்கை வரம்பும் முன்பதிவும் இருக்கும். விட்டுப்போன பழைய ஃபிரிட்ஜ் உங்களுக்கு வேண்டாமென்றால், புதியது வாங்கும் பெரிய கடையிடம் சொல்லுங்கள். 2021 ஜூலையிலிருந்து, புதியதைக் கொண்டுவந்து தரும்போது பழையதை இலவசமாக எடுத்துச் செல்வது அவர்கள் கடமை.

ஜன்னல்களையும் திறந்து மூடிப் பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட் இருக்கக் கூடாது, துருப்பிடிக்காத எஃகு ரிவெட்தான் வேண்டும் என்பது 2004 முதல் சட்டம். வீடு கைமாறியதும் அந்தப் பொறுப்பு உங்களுடையது. கீழே பிள்ளைகள் நடமாடும் நடைபாதை இருக்கிறது, இதில் சோம்பல் கூடவே கூடாது.

விற்பவர் தம் அடுத்த வீட்டுக்காக, சாவி மாற்றத்துக்குப் பிறகும் மூன்று மாதம் வரை தங்கிக்கொள்ளலாமா என்று கேட்கக்கூடும். நீங்கள் ஒப்புக்கொண்டு வீவகவும் அனுமதித்தால் அது சரியே. ஆனால் பொருள்கள் நகர்வது அவர் காலி செய்யும் நாளில்தான் என்பதால் அன்று மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதே பாடம் சிறிய அளவில் உண்டு. ‘பார்ஷியல் ஃபர்னிஷ்ட்’ என்றால் என்னென்ன என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஒப்பந்தத்தோடு வரும் பொருள் பட்டியலில் கட்டிலின் கீறல், ஏசியின் ஒழுகல் வரை எழுதிவைத்தால் கிளம்பும்போது முன்பணத்தைப் பற்றிப் பேச உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

சாவி வாங்கும் நாளுக்கு முந்தைய மாலையோ அன்று காலையோ கடைசியாக ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள், பட்டியல் கையில் இருக்கட்டும். எல்லா ஏசியையும் ஓடவிடுங்கள், ஹீட்டரைப் போட்டு வெந்நீர் வருகிறதா பாருங்கள், எல்லா விளக்கையும் போடுங்கள். ஃபைபர் இணைப்புப் பெட்டி சுவரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது வீட்டோடு இருக்க வேண்டியது. அதே வேளையில் எஸ்பி குழுமத்தில் உங்கள் பெயரில் மின்சார, தண்ணீர்க் கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் சரிபாருங்கள். கேட், கதவு, அறைகள் என்று சாவிகளை எண்ணும்போது தபால் பெட்டிச் சாவியையும் கேட்டு வாங்குங்கள், டிஜிட்டல் பூட்டின் எண்ணை அன்றே மாற்றிவிடுங்கள்.