வெளிநாட்டுத் துணையோடு குடிபெயர எந்த விசா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"எது சீக்கிரம் கிடைக்கும்?" ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் தெரிந்தவர்களுக்கு விசா விண்ணப்பம் நிரப்பித் தர உட்காரும்போதெல்லாம் முதலில் என் காதில் விழுவது இதுதான். சீக்கிரம் கிடைப்பது சுற்றுலா விசா. ஆனால் கணவனோ மனைவியோ வெளிநாட்டவராக இருந்து, அவரோடு நிரந்தரமாக வாழப் போகிறவருக்கு அந்த விசா உதவாது. வேலை செய்ய முடியாது. பிரிட்டன் போன்ற நாடுகளில் அங்கே இருந்துகொண்டே துணைவர் விசாவுக்கு மாறவும் முடியாது. குடியேறும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலா விசாவில் போய் இறங்கினால், பிறகு போடும் நேர்மையான விண்ணப்பத்தையும் அது கெடுத்துவிடும். தாமதமானாலும் சரியான விசாவுக்குக் காத்திருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அதைத் தேர்ந்தெடுக்கும் வழியை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: யாருடைய உரிமையில் போகிறீர்கள்?

ஒரு தாளில் இதை முதலில் எழுதுங்கள். உங்கள் துணை எந்த நாட்டுக் குடிமகன்? இருவரும் போகப்போவது அந்த நாட்டுக்கா, வேறு நாட்டுக்கா?

துணையின் சொந்த நாட்டுக்கே போகிறீர்கள் என்றால், குடிமகனின் கணவன் அல்லது மனைவி என்ற உரிமையில் போகிறீர்கள். இதுதான் உறுதியான நிலை. துணை அங்கே குடிமகன் இல்லை, நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ வேலை விசாவோ மட்டும் வைத்திருக்கிறார் என்றால் விதிகள் மாறும். அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரிசை கிடையாது. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு உண்டு. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைப்பது எச்-4 என்ற சார்ந்தவர் விசா, அதில் எல்லோரும் வேலை செய்துவிட முடியாது.

மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது. இருவருக்கும் சொந்தமில்லாத நாட்டுக்கு, ஒருவரின் வேலையை நம்பிப் போவது. துபாய்க்குப் போகும் குடும்பங்கள் இந்த வகை. அங்கே ஸ்பான்சர் செய்பவருக்கு, அதாவது குடும்பத்தைத் தன் பொறுப்பில் அழைப்பவருக்கு, மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். பிரிட்டனில் இந்த வழி சில பிரிவுகளுக்கு மூடப்பட்டுவிட்டது: 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர் விசாவில் புதிதாகப் போனவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியவில்லை, 2025 ஜூலையிலிருந்து வெளிநாட்டிலிருந்து அந்த விசாவில் புதிதாகப் போகும் வழியே மூடப்பட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு அவசியம் தெரிய வேண்டிய ஒரு கிளைவழியும் உண்டு. புதுச்சேரித் தமிழர்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சம்பந்தம் செய்யும் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. பிரெஞ்சுக் குடிமகனான மாப்பிள்ளை பிரான்சில் வாழ்ந்தால் பிரெஞ்சுச் சட்டப்படி விண்ணப்பிக்க வேண்டும். அவரே ஜெர்மனியில் வேலை பார்த்து, பெண் அங்கே போய்ச் சேர்கிறாள் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 நெறிமுறை பொருந்தும். அதன்படி விசாவுக்குக் கட்டணம் இல்லை, விரைந்து முடிவெடுக்கவும் வேண்டும். இது தெரியாமல் சாதாரண விண்ணப்பம் போட்டுப் பணத்தையும் மாதங்களையும் இழப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

படி 2: உங்கள் திருமணம் எந்தச் சட்டத்தில் செல்லும்?

இங்கேதான் நிறையப் பேருடைய திட்டம் உடைகிறது. எந்த நாட்டுத் துணைவர் விசாவாக இருந்தாலும், திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுபடியாக வேண்டும்.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். 1967இல் தமிழ்நாடு சேர்த்த சுயமரியாதைத் திருமணப் பிரிவும் அப்படித்தான். ஆகவே நீங்கள் இந்து, துணை கிறிஸ்தவர் அல்லது எந்த மதமும் இல்லாதவர் என்றால், திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில் ஊரே வந்து வாழ்த்தினாலும் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய முடியாது. உங்களுக்கு உரியது 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். கோயிலிலோ மண்டபத்திலோ சடங்கை மகிழ்ச்சியாக நடத்திக்கொள்ளுங்கள். சட்டப்படியான திருமணத்தைத் தனியாகத் திட்டமிடுங்கள்.

அதன் நடைமுறை இப்படி: உங்களில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். நம் பகுதியில் பதிவு அலுவலகம் அந்தப் பணியைச் செய்கிறது. அறிவிப்பை 30 நாள் ஒட்டிவைப்பார்கள். ஆட்சேபம் வராவிட்டால் மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளிநாட்டுத் துணை ஒரு மாத விடுப்பில் வந்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று டிக்கெட் எடுப்பது ஆபத்து. 30 நாள் காத்திருப்பே அந்த விடுப்பைத் தின்றுவிடும்.

துணை தரப்பில் திருமணத்துக்குத் தடையில்லை என்று அவர் நாட்டுத் தூதரகம் தரும் சான்று தேவைப்படும். அமெரிக்கத் தூதரகம் அப்படிச் சான்று தருவதில்லை. துணை தாமே எழுதும் உறுதிமொழியை நோட்டரி செய்து மட்டும் தரும். முன்பு திருமணமாகி விவாகரத்தானவர் என்றால் அந்தத் தீர்ப்பின் நகலும் வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி எளிது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். ஆனால் தேவாலயச் சான்றோடு நின்றுவிடாமல் பதிவுத்துறை தரும் நகலையும் வாங்கிவையுங்கள். பள்ளிவாசல் நிக்காஹ் புத்தகத்துக்கும் இதே அறிவுரை. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். திருமணம் வெளிநாட்டில் நடப்பதானால், 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின் கீழ் இந்தியத் தூதரகத்தில் செய்துகொள்ளவும் வழி உண்டு.

பிரெஞ்சுத் துணை உள்ளவர்களுக்கு இன்னும் ஒரு வேலை: இங்கே நடந்த திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதற்கான தூதரக அலுவலகம் புதுச்சேரியில் இருக்கிறது. திருமணத்துக்கு முன்பே அங்கே போய்த் தொடங்குவது நல்லது.

படி 3: பெயர்

நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: இயற்பெயர், குடும்பப் பெயர். இந்த இடைவெளியில் விழும் விண்ணப்பங்கள் ஏராளம். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மருத்துவமனையில் பிறந்தபோது பிறப்புச் சான்றில் பெயரே எழுதாமல் விட்டிருப்பார்கள். பள்ளிச் சான்றில் முன்னெழுத்தோடு இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் பின்னால் சேர்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகக் கிடக்கும். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் நான்கு வேறு மனிதர்கள்.

செய்ய வேண்டியது இது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். இயற்பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனிக் கட்டத்தில் நிரம்பியிருக்கும்படி பாஸ்போர்ட்டை முதலில் திருத்துங்கள். வடசென்னைக்குள் பாஸ்போர்ட் சேவை மையம் இல்லை, அமைந்தகரையோ சாலிகிராமமோ போக வேண்டியிருக்கும். திருமண அறிவிப்பைப் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். பிறப்புச் சான்றில் பெயர் இல்லாவிட்டால் மாநகராட்சியில் சேருங்கள். சின்ன வேறுபாடுகளுக்கு, இந்தப் பெயர்களெல்லாம் ஒரே நபரைக் குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் போதும். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும்.

ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை அப்படியே வைத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் வருகை விசாக்காரர்களை அனுமதிப்பதில்லை.

படி 4: நாட்டுக்கு நாடு என்ன தேர்வு?

அமெரிக்கா. குடிமகன் துணைக்கு இரண்டு பாதை. கே-1 என்பது நிச்சயமான இணைக்கு: இருவரும் கடந்த இரண்டு ஆண்டுக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும், அங்கே போய் 90 நாளுக்குள் மணமுடிக்க வேண்டும், அதன் பிறகே கிரீன் கார்டுக்கு விண்ணப்பம். அதுவரை வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் தனி அனுமதி தேவை. இங்கேயே மணமுடித்து, குடிமகன் துணைக்காகப் போடும் ஐ-130 மனு வழியாகப் போனால் நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு இறங்கலாம். என் பரிந்துரை இரண்டாவதுதான். நாட்டுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் ஐஆர்-1, பத்து ஆண்டு கிரீன் கார்டு. ஆகவில்லை என்றால் சிஆர்-1, இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளில் நிபந்தனையை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பான்சர் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். அண்ணா மேம்பாலத்தருகே உள்ள துணைத்தூதரகத்தில் இந்த நேர்காணல் நடக்காது. பெரும்பாலும் மும்பைக்குப் போக வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

பிரிட்டன். இங்கே பணம்தான் முதல் தடை. 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும். வெளியிலிருந்து விண்ணப்பிக்கும்போது உங்கள் சென்னைச் சம்பளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சேராது, துணையின் வருமானம் மட்டுமே சேரும். துணை உங்களோடு சென்னையில் வாழ்ந்துகொண்டிருந்தால், பிரிட்டனில் மூன்று மாதத்துக்குள் தொடங்கும் வேலை உறுதிக் கடிதமும் இங்கே அவர் ஈட்டிய வருமானச் சான்றும் தேவை. வருமானமே இல்லை என்றால் 88,500 பவுண்டு சேமிப்பு ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும். ஏ1 என்ற தொடக்க நிலை ஆங்கிலத் தேர்வும், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. விசா 33 மாதம். அதற்கான சுகாதாரக் கட்டணம், ஆண்டுக்கு 1,035 வீதம், 3,105 பவுண்டு. விசாக் கட்டணம் தனி. வருமானம் எட்டாத நிலையில் விண்ணப்பித்து மறுக்கப்படுவதைவிட ஆறு மாதம் தள்ளிப்போடுவது மேல்.

கனடாவில் கியூபெக் தவிர மற்ற இடங்களில் துணையை அழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் கேட்பதில்லை. சென்னையில் இருந்தபடியே விண்ணப்பிக்கும் 'குடும்ப வகுப்பு' என்ற பிரிவு உங்களுக்கு ஏற்றது. ஸ்பான்சர் குடிமகன் என்றால் அவரும் இங்கே இருந்தபடியே மனு செய்யலாம், நீங்கள் குடியேறும்போது அவரும் திரும்பி வாழப்போவதைக் காட்டினால் போதும். நிரந்தரக் குடியிருப்பாளர் என்றால் அவர் கனடாவில்தான் வசிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா, பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு நெடுங்காலமாகப் பழகிய நாடு. வெளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு 309 எண் விசா, தொடர்ந்து 100. உள்ளிருந்து 820, தொடர்ந்து 801. முதலாவது தற்காலிகம், சுமார் இரண்டு ஆண்டு கழித்து நிரந்தரம். ஒரே கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து. அது 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். வருகை விசாவில் போய் 820 போடலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் விசாவில், அங்கே இருந்துகொண்டு வேறு விசா கேட்பதைத் தடுக்கும் 8503 நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வழி அடைபட்டது.

ஜெர்மனியில் ஏ1 நிலை ஜெர்மன் தேவை. நுங்கம்பாக்கம் பக்கம் கோத்தே நிறுவனத்தில் படித்துத் தேர்வு எழுதலாம். துணை ப்ளூ கார்டு (உயர்தகுதிப் பணியாளருக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி) வைத்திருந்தாலோ, ஜெர்மனி அல்லாத வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமகனாக இருந்தாலோ இந்தத் தேர்வு வேண்டியதில்லை.

படி 5: ஆவணங்களை எந்த வரிசையில் எடுப்பது?

காலாவதி ஆகாதவற்றை முதலில் எடுங்கள்: பிறப்புச் சான்று, திருமணச் சான்று. இவற்றுக்கு மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, பிறகு, ஆவணம் உண்மையானது என்று மற்ற நாடுகள் ஏற்கும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. இந்தியாவில் இந்த முறை 2005 முதல் செல்லும். கனடா 2024 ஜனவரியில்தான் இதற்கான பன்னாட்டு ஒப்பந்தத்துக்குள் வந்தது. அமீரகம் இதில் இல்லாததால் அதன் தூதரகச் சான்றொப்பம் தனியாக வேண்டும். எல்லா விசாவுக்கும் அப்போஸ்டில் கேட்பதில்லை. போகும் நாட்டின் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் கடைசியில். பிரிட்டன் காசநோய்ச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். சீக்கிரம் எடுத்தால் மறுபடி எடுக்க நேரும்.

உறவின் சான்றுகளை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். கல்யாண ஆல்பம் மட்டும் போதாது. சந்திக்கப் போன விமானச் சீட்டுகள், பணம் அனுப்பிய ரசீதுகள், கூட்டு வங்கிக் கணக்கு, இரு குடும்பமும் சேர்ந்திருக்கும் படங்கள், மாதத்துக்கு ஒன்றாக எடுத்த உரையாடல் பக்கங்கள். ஒரே வீட்டில் மூன்று போர்ஷன், வாடகை ஒப்பந்தம் மாமனார் பெயரில் என்று வாழ்பவர்கள், அந்த வீட்டில்தான் இருவரும் வசிக்கிறீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்குங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் துணை சென்னையில் இருப்பதானால் அவருக்கு இந்தியக் குடிமகனின் துணை என்ற எக்ஸ் விசா பொருந்தும். நீண்ட காலம் தங்குபவர் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவான திருமணம் தொடர்ந்து இரண்டு ஆண்டு நிலைத்தால் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

படி 6: சமர்ப்பித்த பிறகு

படிவங்களை நீங்களே நிரப்ப முடியும். மண்ணடியில் முகவர் மூலம் போட்டாலும், கையொப்பமிடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்கள் வாசியுங்கள். எழுதப்பட்டதற்குப் பொறுப்பு உங்களுடையது. முன்பு ஏதாவது நாட்டில் விசா மறுக்கப்பட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள்.

விசா கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள், வீட்டைக் காலி செய்யாதீர்கள், விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நுழைய வேண்டிய கடைசி நாள் ஆகிய நான்கையும் சரிபாருங்கள். திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைய இன்னும் சில வாரமே இருக்கும் அமெரிக்க விண்ணப்பதாரர்கள், விசாவின் கடைசி நாள் அனுமதித்தால், அந்த நாள் கடந்த பிறகு பயணத் தேதியை வையுங்கள். பத்து ஆண்டு அட்டை கிடைக்கும்.