டேஷ்போர்டை நம்பி இணையதளம் வடிவமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன், பராக் ஒபாமாவின் பிரசார இணையதளத்தில் ஒரு சோதனை நடந்தது. முகப்பில் எந்தப் படத்தை வைப்பது, பதிவு செய்யும் பட்டனில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. மூன்று படங்கள், மூன்று வீடியோக்கள், நான்கு பட்டன்கள் என மொத்தம் 24 விதமான முகப்புகள். வருகிறவர்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு முகப்பைக் காட்டினார்கள். குழுவினருக்கு மிகவும் பிடித்திருந்தது ஒரு வீடியோ. ஆனால் மூன்று வீடியோக்களுமே மூன்று படங்களுக்கும் பின்னால் போய்விட்டன. ஒபாமா குடும்பத்தின் படமும் 'மேலும் அறிய' என்ற பட்டனும் சேர்ந்த முகப்பு ஜெயித்தது. மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தவர்களின் விகிதம் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக உயர்ந்தது. இந்தச் சோதனையை நடத்திய டான் சிரோக்கர், பின்னர் இத்தகைய சோதனைகளுக்கென்றே ஆப்டிமைஸ்லி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதுவரை ஒரு தளம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவெடுக்கும் அறையில் அதிகச் சம்பளம் வாங்குபவரின் ரசனையே தீர்மானித்தது. அந்த இடத்துக்குத் தரவு வந்து சேர்ந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. கவலையெல்லாம் வேறு. நம் கைக்கு வரும் தரவு, நாம் ஏற்கெனவே கட்டிவைத்த தளம் வடிகட்டித் தருவது. யார் உள்ளே வர முடிந்ததோ, எதை அழுத்த முடிந்ததோ, அது மட்டுமே பதிவாகிறது. இதை மறந்துவிட்டு வரைபடத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வடிவமைக்கும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில், ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு.

சோதனையைப் பாதியில் எட்டிப் பார்ப்பது

ஏ/பி சோதனை என்றால் பழைய பக்கத்தைப் பாதிப் பேருக்கும், புதிய பக்கத்தை மீதிப் பேருக்கும் காட்டி, எது மேல் என்று பார்ப்பது. வழக்கமாக 5 சதவீதத் தவறை அனுமதிக்கிறோம். அதாவது இரண்டு பக்கங்களுக்கும் உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும், 100 சோதனைகளில் 5 சோதனைகள் வித்தியாசம் இருப்பதாகச் சொல்லிவிடும். இந்தக் கணக்கு ஒரே ஒரு நிபந்தனையில்தான் நிற்கும்: எத்தனை பேர் வந்ததும் நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்து, அப்போது ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும்.

நடப்பது என்ன? தினமும் காலையில் டேஷ்போர்டை, அதாவது தளத்தின் எண்களைக் காட்டும் பக்கத்தைத் திறக்கிறார்கள். பச்சை நிறம் தெரிந்ததும் 'ஜெயித்துவிட்டது' என்று சோதனையை மூடிவிடுகிறார்கள். இப்படி ஐந்து முறை பார்த்து, வித்தியாசம் தெரிந்ததும் நிறுத்தினால் தவறு நேரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதமாகிறது. பத்து முறை பார்த்தால் சுமார் 19 சதவீதம். மருத்துவச் சோதனைகளுக்காக 1960களிலேயே போட்டுப் பார்த்த கணக்கு இது. இணையதளம் நடத்துபவர்கள் பலருக்கு இன்னும் எட்டவில்லை.

எத்தனை பேர் வர வேண்டும் என்பதையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கடையின் தளத்துக்கு வரும் 100 பேரில் 2 பேர் பொருள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய வடிவமைப்பு அதை 2.2 ஆக உயர்த்துகிறதா என்று நம்பகமாகத் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 80,000 பேர் வேண்டும். இரண்டுக்குமாக 1,60,000. தினம் 500 பேர் வரும் தளத்துக்கு இது 320 நாள் வேலை. அதற்குள் பண்டிகைகள் வந்து போகும், விலை மாறும், சோதனையே பழையதாகிவிடும்.

சிறிய தளங்கள் பட்டன் நிறத்தை ஏ/பி சோதனைக்கு விடுவது வீண் வேலை என்பேன். ஐந்து பேரை உட்காரவைத்து, அவர்கள் கைப்பேசியிலேயே ஒரு பொருளை வாங்கச் சொல்லி, குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். எங்கே தடுமாறுகிறார்கள் என்பது ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும்.

பெரிய தளம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. 2009இல் கூகுளை விட்டு விலகிய வடிவமைப்பாளர் டக்ளஸ் போமன், அங்கே இரண்டு நீல நிறங்களுக்கு இடையே முடிவு செய்ய முடியாமல் 41 நீலங்களைச் சோதித்ததைக் குறிப்பிட்டு எழுதினார். கூகுளுக்கு வரும் கூட்டத்தில் அதற்குத் தாங்கும் எண்ணிக்கை உண்டு. அதைப் பார்த்து மற்றவர்களும் பல நிறங்களைச் சோதிக்கிறார்கள். 40 புதிய நிறங்களைப் பழைய ஒன்றோடு தனித்தனியாக 5 சதவீத அளவுகோலில் ஒப்பிட்டால், எந்த நிறத்திலும் விசேஷமே இல்லாதபோதும் ஒன்றிலாவது 'வித்தியாசம்' தெரியும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல். ஒப்பீடுகள் கூடக் கூட, அளவுகோலையும் அதற்கேற்பக் கடுமையாக்க வேண்டும்.

இவற்றோடு சில சின்ன விஷயங்கள். சோதனையை முழு வாரங்களாக நடத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களும் செவ்வாய்க்கிழமை வருகிறவர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. புதிதாக மாறியது என்பதற்காகவே முதல் சில நாட்கள் சிலர் அழுத்திப் பார்ப்பார்கள். அந்த நாட்களை நம்பாதீர்கள். சரிபாதியாகப் பிரித்தும் ஒரு பக்கத்தில் ஆட்கள் கணிசமாகக் குறைந்தால், முடிவைப் படிக்கும் முன் மென்பொருளில் கோளாறு தேடுங்கள்.

தவறான ஒன்றை அளப்பது

மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் நடந்ததை, அங்கே இத்தகைய சோதனைகளை நடத்திய ரான் கோஹாவி குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு சோதனையில் மென்பொருள் பிழை காரணமாகச் சிலருக்கு மிக மோசமான தேடல் முடிவுகள் போயின. எண்கள் என்ன சொன்னன தெரியுமா? ஒருவர் செய்யும் தேடல்கள் 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தன. வருமானம் 30 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. தேடியது கிடைக்காததால் மக்கள் மறுபடி மறுபடி தேடினார்கள். முடிவுகள் மோசமாக இருந்ததால், அவற்றைவிட விளம்பரங்கள் பயனுள்ளவையாகத் தெரிந்தன, அவற்றை அழுத்தினார்கள். தேடலும் வருமானமும்தான் இலக்கு என்றால் அந்தப் பிழையை அப்படியே நிரந்தரமாக்கியிருக்க வேண்டும்! ஒருவர் எத்தனை முறை திரும்பி வருகிறார் என்பதை பிங் குழு முக்கிய அளவாக வைத்துக்கொண்டது இதனால்தான். திருப்தி இல்லாதவர் இன்று பத்து முறை தேடுவார். அடுத்த வாரம் வேறு இடத்துக்குப் போய்விடுவார்.

நம் செய்தித் தளங்களில் இதே தவறு வேறு வடிவத்தில் நடக்கிறது. ஒரே கட்டுரையைப் பத்துப் படங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 'அடுத்து' அழுத்த வைத்தால் பக்கப் பார்வைகள் பத்து மடங்காகும். வாசகர் படித்தது அதே அரைப் பக்கம். 2023 ஜூலையில் நிறுத்தப்பட்ட, தள வருகைகளை அளக்கும் பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் கருவியோ இன்னொரு விதமாக ஏமாற்றியது. ஒருவர் நீண்ட கட்டுரை ஒன்றைத் திறந்து, எட்டு நிமிடம் கடைசி வரி வரை படித்து, நிறைவாக வெளியேறினாலும், இரண்டாவது பக்கம் எதையும் திறக்காததால், 'வந்ததும் ஓடிவிட்டார்' என்று கணக்கில் சேர்த்தது. செலவிட்ட நேரம் பூஜ்யம் என்று காட்டியது. அந்த எண்ணைக் குறைப்பதற்காக எத்தனை தளங்களில் கட்டுரையின் நடுவே தொடர்பில்லாத இணைப்புகளைச் செருகிப் படிப்பதையே சிரமமாக்கினார்கள்! அந்தக் கருவி போய்விட்டது. செருகிய இணைப்புகள் பல தளங்களில் அப்படியே இருக்கின்றன.

இதன் மோசமான எல்லை, ஆளை ஏமாற்றும் வடிவமைப்பு. முன்கூட்டியே டிக் செய்துவைத்த பெட்டி, 'இன்னும் 2 மட்டுமே உள்ளன' என்ற பொய், எளிதாகச் சேரவிட்டு வெளியேறும் வழியை ஒளித்துவைத்த சந்தா. இவையெல்லாம் ஏ/பி சோதனையில் ஜெயிக்கும். சோதனை பணம் கட்டும் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் கொதிப்பது அந்த வரைபடத்தில் வராது. இந்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட விதிமுறைகள் இப்படி 13 வகை உத்திகளைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. 'தரவு இப்படித்தான் சொன்னது' என்பது இனி சட்டத்தின் முன்னும் பதிலாகாது.

என்ன நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வது

தளங்களின் பயன்பாட்டை ஆராயும் வல்லுநர் ஜாரெட் ஸ்பூல் எழுதிய ஒரு நிகழ்வு இந்தத் துறையில் பலருக்குத் தெரியும். ஆனால் அதன் முக்கியமான பகுதி மறந்துபோகிறது. ஒரு பெரிய வணிகத் தளத்தில், கூடையில் பொருட்களைச் சேர்த்தபின் ஒரு சிறிய படிவம் வரும். மின்னஞ்சல், கடவுச்சொல், 'உள்நுழைக', 'பதிவு செய்க' என்ற இரண்டு பட்டன்கள், கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஓர் இணைப்பு. பழைய வாடிக்கையாளர்களுக்கு இது வசதி என்று வடிவமைப்பாளர்கள் நம்பினார்கள். கூடையை விட்டுவிட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை எந்த அறிக்கையிலும் இருந்திருக்கும். அது படிவத்தைத் திருத்தச் சொல்லுமே தவிர, எப்படித் திருத்துவது என்று சொல்லாது.

உண்மையில் வாங்க வேண்டிய பொருள் உள்ளவர்களை அழைத்து, கையில் பணம் கொடுத்து, வாங்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. புதியவர்கள், 'பொருள் வாங்க வந்தேன், உறுப்பினராக வரவில்லை' என்ற ரீதியில் எரிச்சலடைந்தார்கள். பழையவர்களோ எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம் என்பதையே மறந்திருந்தார்கள். அதன்பிறகு தரவுத்தளத்தைத் தோண்டினால், வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தார்கள். 'பதிவு செய்க' என்பதை எடுத்துவிட்டு, 'தொடர்க' என்று வைத்து, கணக்கு தொடங்காமலே வாங்கலாம் என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்குபவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் விற்பனை 30 கோடி டாலர் அதிகம். தரவு தேவைப்பட்டது, ஆனால் அதில் எதைத் தேட வேண்டும் என்பது மனிதர்களைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

வராதவர்களை மறப்பது

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுவது இது.

யூடியூபில் பணியாற்றிய கிறிஸ் சக்கரியாஸ், வீடியோ பார்க்கும் பக்கத்தின் எடையைக் குறைக்க முனைந்தார். பக்கம் 1.2 மெகாபைட் இருந்தது. தேவையற்றதையெல்லாம் களைந்து 98 கிலோபைட்டுக்குக் கொண்டுவந்தார். பரிசோதனையாகச் சிலருக்குத் திறந்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் தரவைப் பார்த்தால், பக்கம் திறக்கும் சராசரி நேரம் கூடியிருந்தது. பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்த பக்கம் எப்படி மெதுவாகும்? விட்டுவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். பிறகு தரவை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா போன்ற இடங்களிலிருந்து பார்வைகள் பெருமளவு கூடியிருந்தன. அங்கே புதிய பக்கம் திறக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. பழைய பக்கம் திறக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். யாரும் காத்திருக்கவில்லை, அதனால் எந்தச் சராசரியிலும் அவர்கள் இல்லை. இப்போது இரண்டு நிமிடம் காத்திருக்கத் தயாரானார்கள். சராசரி கெட்டது. தளமோ அதுவரை எட்டாத மக்களை எட்டியது.

சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பக்கம் குப்பைக்குப் போயிருக்கும். பக்கத்தைப் பயன்படுத்தும் அனுபவத்தை அளக்கும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோல் சராசரியை விட்டு, நான்கில் மூன்று வருகைகளுக்காவது முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்கிறது. இது நல்ல முன்னேற்றம். ஆனாலும் பக்கம் திறக்கும் முன்பே கைவிட்டுப் போனவர் அந்த நான்கு பங்கிலும் இல்லை.

தமிழ்ப் பக்கங்கள் விஷயத்தில் இந்த வாதத்தை வலியுறுத்தியே ஆக வேண்டும். 'தமிழ்ப் பக்கத்துக்கு ஆள் வருவதில்லை, எண்ணைப் பாருங்கள்' என்று சொல்லி அதைக் கைவிடுகிறார்கள். மொழியை மாற்றும் இணைப்பு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் அழுத்தினால் உள்ளே பாதி ஆங்கிலம். நீளமான தமிழ்ச் சொல் பட்டனுக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டிருக்கும். வரிகள் நெருங்கி, கீழ்வரியின் மேல்விலங்குச் சுழியும் மேல்வரியின் உகரக் காலும் மோதிக்கொள்ளும். இப்படி ஒரு கதவை வைத்துவிட்டு, அதன் வழியே வந்தவர்களை எண்ணி, தேவையே இல்லை என்று தீர்ப்பளிப்பது அநியாயம்.

அப்படி முடிவெடுக்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் தமிழில் தட்டப்பட்டு, முடிவு எதுவும் கிடைக்காத தேடல்களின் பட்டியல். வாடிக்கையாளர் சேவைக்கு வரும் அழைப்புகளில், தளத்திலேயே முடித்திருக்கக்கூடிய வேலைக்காக எத்தனை பேர் தமிழில் கூப்பிடுகிறார்கள் என்ற கணக்கு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அந்தத் தமிழ்ப் பக்கம் திறக்க ஆகும் நேரம். முதல் இரண்டும் உங்கள் சர்வரிலும் அழைப்புப் பதிவேட்டிலும் இப்போதே இருக்கின்றன. மூன்றாவதற்கு ஒரு கைப்பேசி போதும்.