உங்கள் ஊருக்கு எந்தக் காய்கறி ரகம்?

ஒட்டன்சத்திரம் பக்கம் குழித்தட்டில் நாற்று விட்டு விற்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரகம் நல்லாக் காய்க்கும்?" நான் திருப்பிக் கேட்பது, "எந்த ஊருங்க, எந்தப் பட்டத்துக்கு, தண்ணி எப்படி?" இவை தெரியாமல் யாருக்கும் ரகம் சொல்ல மாட்டேன்.

முதலில் பட்டம், அதாவது விதைக்கும் பருவம். அவரையில் இது பளிச்சென்று தெரியும். பந்தலில் ஏறும் நாட்டு அவரை, பகல் பொழுது குறையும்போதுதான் பூவெடுக்கும். ஆடியில் ஊன்றினால் பனிக்காலத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்துக் காய்க்கும். அதே விதையைப் பங்குனியில் ஊன்றினால் பந்தல் முழுக்கப் படர்ந்து, இலை கரும்பச்சையாகச் செழித்து நிற்கும், பூ மட்டும் வராது. உடனே உரம் கேட்டு வருவார்கள். உரம் போட்டால் இன்னும் இலைதான் வரும். கோடையில் அவரை வேண்டும் என்றால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பந்தல் இல்லாமல் குத்தாக வளரும் குத்து அவரை ரகங்களில் ஒன்றை எடுங்கள். அவற்றுக்குப் பகல் நீளம் ஒரு பொருட்டல்ல.

வெங்காயத்திலும் இதே கதைதான். குளிர்நாட்டு ரகங்கள் பல, பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீண்டால்தான் கிழங்கு கட்டும். நம் ஊரில் அவ்வளவு நீளப் பகலே கிடையாது. ஆன்லைனில் படத்தைப் பார்த்து அந்த விதையை வாங்கினால் வெங்காயத் தாள்தான் மிஞ்சும். முள்ளங்கியில் பூசா சேத்கி வெயில் தாங்கும், பூசா ஹிமானி மலைக் குளிருக்கு உரியது. கடையில் இரண்டுமே 'முள்ளங்கி விதை'தான், ரகப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, ரகம் எங்கே பிறந்தது என்று பாருங்கள். பெயரின் முன்னால் இருக்கும் எழுத்தே சொல்லிவிடும். கோ என்றால் கோயம்புத்தூர், பிகேஎம் பெரியகுளம், பிஎல்ஆர் கடலூர் பக்கத்துப் பாலூர், கேகேஎம் தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளம். உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் எது நெருக்கமோ அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள். பிகேஎம் 1 கத்தரி, புழுதிக் கத்தரி என்ற நாட்டு ரகத்திலிருந்து வந்தது. பச்சை வரி ஓடிய சின்னக் காய், வறட்சியைத் தாங்கும். தண்ணீர் குறைந்த தோட்டக்காரர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நட்டுவிடாதீர்கள். கத்தரியைப் பொறுத்தவரை ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாக்கு. கேகேஎம் 1 பால் வெள்ளை, பிஎல்ஆர் 1 ஊதா. வேலூர்ப் பக்கம் முள்ளுக் கத்தரிக்குத்தான் மவுசு, அதற்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஓர் ஊரில் அள்ளிக்கொண்டு போகும் நிறம் பக்கத்து ஊரில் கூடையிலேயே வாடிக் கிடக்கும். விற்கப் போகிறீர்கள் என்றால் காலையில் சந்தைக்குப் போய், எந்தக் கூடை முதலில் காலியாகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

தண்ணீரை ஒரு முறையாவது பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு ஏறிய போர் தண்ணீரில் பீன்ஸும் கேரட்டும் தேறாது, பீட்ரூட் ஓரளவு சமாளிக்கும்.

நோய்க்கு, அக்கம்பக்கத்துத் தோட்டம்தான் பாடம். வெண்டையில் இலை நரம்பெல்லாம் வலைபோல் மஞ்சளாகி, காயும் வெளிறிப் போயிருந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்புவது, மருந்தடித்து மீட்க முடியாது. பெங்களூருவில் உருவான அர்கா அனாமிகா, இதை எதிர்த்து நிற்பதற்காகவே வந்த ரகம். ஆனால் சில இடங்களில் அந்த எதிர்ப்பு குறைந்துவிட்டது. அதனால் விதைப் பையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், இந்த வருடம் உங்கள் பக்கத்தில் எந்த வெண்டை சுத்தமாக நிற்கிறது என்று விசாரியுங்கள். தக்காளியில் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். அது வீரிய ஒட்டு (ஹைபிரிட்), அதிலிருந்து விதை எடுத்தால் அடுத்த போகம் செடிக்குச் செடி மாறி நிற்கும்.

பை வாங்கும்போது முளைப்புத்திறனையும் காலாவதித் தேதியையும் படித்துவிடுங்கள். புது ரகம் என்றால் தோட்டம் முழுக்க நடாமல், வழக்கமாக நடுவதோடு பக்கத்துப் பாத்தியில் ஒரு வரிசை வைத்துப் பாருங்கள்.

நாட்டுக் கத்தரி உங்கள் இடத்துக்கு ஒத்துவந்துவிட்டால் விதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வேறு கத்தரி பூத்திருந்தால் கலந்துவிடும். நல்ல செடியில் பூ விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் ஒரு கலர் நூலைக் கட்டி, காய் மஞ்சளாகப் பழுக்கும் வரை பறிக்காமல் விடுங்கள்.