டர்போ கார் கொதித்தால் பழுதைத் தேடுவது எப்படி

கார் கொதிக்கிறது என்று கராஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது ரேடியேற்றர்தான். டர்போ பொருத்திய காரில் அது பணத்தையும் நாளையும் வீணாக்கக்கூடும் என்பதை நான் பட்டே அறிந்தேன். கச்சான் காற்று வீசிய ஓர் ஆகஸ்ட் மாதப் பிற்பகலில், கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பும் வழியில் எனது காரில் எஞ்சின் சூட்டை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. கராஜில் புதிய ரேடியேற்றர் பொருத்தினார்கள். மூன்று வாரங்களில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் மீண்டும் குறைந்திருந்தது. ஆனால் காரை நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த ஓர் அதிகாலையில் டோர்ச் அடித்துத் தேடியபோது, டர்போவுக்குக் கூலன்டைக் கொண்டுசெல்லும் மெல்லிய உலோகக் குழாயின் ஆணியைச் சுற்றி, பல்லில் படியும் காரையைப் போல, இளஞ்சிவப்பு நிறப் பொருக்கு ஒன்று படிந்திருந்தது. கசிந்த கூலன்ட் தரையைத் தொடும் முன்னரே சூடான உலோகத்தில் ஆவியாகிக்கொண்டிருந்தது.

டர்போ என்பது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பும் பாகம்; அதைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைவாயு. பெற்றோல் எஞ்சினில், பாரம் கூடிய வேளையில் அந்தப் புகைவாயுவின் வெப்பம் 900 பாகை செல்சியஸை எட்டலாம். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் அச்சின் தாங்கிகளை எண்ணெயும், பெரும்பாலான பெற்றோல் கார்களில் கூலன்டும் சேர்ந்தே காக்கின்றன. அதற்கும் மேலாக, அமுக்கப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பல கார்களில் ரேடியேற்றருக்கு முன்னால் அமர்ந்து, அதற்குச் செல்லும் காற்றை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. ஆகவே சாதாரணக் காரில் நெடுநாள் வெளித்தெரியாமல் கிடக்கும் ஒரு சிறு குறை, டர்போ காரில் விரைவிலேயே சிவப்பு விளக்காக எரிகிறது.

வீதியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீற்றரை முழு அளவில் திறந்து, பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். வெப்பம் சற்றே கூடியிருந்து, ஆவியோ கசிவோ தென்படாவிட்டால், ஓரிரு நிமிடங்கள் எஞ்சினை வெறுமனே ஓடவிடுவது டர்போவுக்கு நல்லது. ஆவி கிளம்பினாலோ, கூலன்ட் வடிந்துவிட்டது என்று தெரிந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். அந்நிலையில் டர்போவைவிட எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டே முதலில் கெடும். கூலன்ட் முழுவதும் போய்விட்டால், உணரியைச் சுற்றித் திரவம் இல்லாததால், மீற்றர் முள் கீழிறங்கி நிலைமை சரியானதுபோலக் காட்டவும் கூடும் என்பதை மறக்கக் கூடாது. கூலன்ட் மூடியை எக்காரணம் கொண்டும் உடனே திறக்கக் கூடாது. நீரோடு சரிபாதி கலந்த கூலன்ட் சாதாரண அமுக்கத்தில் ஏறத்தாழ 107 பாகையில் கொதிக்கும். மூடியின் அமுக்கம்தான் அதை இன்னும் உயர்ந்த வெப்பத்திலும் திரவமாக வைத்திருக்கிறது. மூடியைத் திருகிய கணத்தில் அது முழுவதும் கொதித்து முகத்தில் பாயும். குறைந்தது முக்கால் மணிநேரம் காத்திருங்கள்.

பழுதைத் தேடும்போது எந்தப் பாகம் கெட்டது என்று தொடங்காமல், எந்த வேளையில் சூடு ஏறுகிறது என்று தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நகர நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், குற்றம் பெரும்பாலும் விசிறியில் இருக்கும். ஏ.சி.யைப் போட்டதும் விசிறி சுழலாவிட்டால் பியூஸைப் பாருங்கள்; அடுத்து, அதே பெட்டியிலுள்ள அதே வகை ரிலே (மின் ஆளி) ஒன்றை இடம்மாற்றிப் பாருங்கள். மாறாக, நெரிசலில் அமைதியாக இருந்து, ஹபரணை நோக்கிய நீண்ட ஓட்டத்தில் வேகமும் பாரமும் கூடும்போது ஏறினால், அடைபட்ட ரேடியேற்றர், தேய்ந்த வோட்டர் பம்ப், உட்புறம் சப்பி ஒட்டும் கீழ்க்குழாய் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினை அணைத்த பின்னர் கொதிக்கும் ஓசை கேட்டு, கூலன்ட் தொட்டி பொங்கினால், அமுக்கம் தாங்காத மூடியையோ, எஞ்சின் நின்ற பிறகும் டர்போவுக்குக் கூலன்டைச் சுற்றவிடும் சிறிய மின்பம்பையோ (எல்லாக் கார்களிலும் அது இராது) பாருங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே மேற்குழாய் கல்லைப்போல் இறுகினால், ஹெட்டின் அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கெஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது என்று அஞ்ச வேண்டும்.

கெஸ்கெட் பழுதை ஊகத்தில் முடிவுசெய்து ஹெட்டைக் கழற்ற ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் ஒன்று உண்டு. பெற்றோல் எஞ்சினில் எரிந்த வாயு பட்டால் அது மஞ்சளாக மாறும். எண்ணெய் மூடியின் அடியில் பால்தேநீர் நிறத்தில் கசடு கண்டால் கவலைப்படுவது இயல்பே. ஆயினும் கடல் ஈரம் நிறைந்த எங்கள் ஊரில், குறுந்தூரம் மட்டும் ஓடும் காரிலும் அது சிறிதளவு படியும் என்பதால் அதை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது.

கசிவைக் கண்டறிய, கராஜிலுள்ள கைப்பம்பை மூடியின் இடத்தில் பொருத்தி, மூடியில் பொறித்துள்ள அமுக்கம்வரை ஏற்றி, கால் மணிநேரம் பார்த்திருக்க வேண்டும். முள் இறங்கினால் கசிவு உண்டு. அப்போது டர்போவின் நான்கு பக்கமும் பார்க்கும்படி கேளுங்கள். வெப்பத் தகட்டைக் கழற்றாமல் அங்கு எதுவும் தெரியாது. குழாய் ஆணிகளின் இருபுறமும் உள்ள செப்பு அல்லது அலுமினிய வளையங்கள் ஒருமுறை நசுங்கியவை. ஆணியைக் கழற்றினால் அவற்றைப் புதிதாகவே இட வேண்டும். பழைய வளையத்தோடு இன்னும் பலமாக முறுக்கினால், கசிவு நிற்பதற்குப் பதிலாக ஆணி அறும். ஓட்டத்துக்குப் பின் பொனட்டைத் திறக்கும்போது இனிப்பு கலந்த ஒரு வாடை வந்தால் அதுவும் இந்தக் கசிவின் அடையாளமே.

“எங்கள் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?” என்று, கூலன்ட் சூடேறும்வரை ரேடியேற்றருக்குச் செல்லும் வழியை மூடிவைக்கும் அந்தப் பாகத்தைக் கழற்றி எறியும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாவிட்டால் கணினி பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும். எரியாத பெற்றோல் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். அந்த எண்ணெயை நம்பித்தான் டர்போவின் தாங்கி சுழல்கிறது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டே மாற்றுவழியை அடைக்கும் கதவாகவும் இருப்பதால், அதை நீக்கியதும் கூலன்டின் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பி, சூடு முன்னைவிடக் கூடிவிடும். சந்தேகம் இருந்தால் அதை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கிப் பாருங்கள். பொறிக்கப்பட்ட வெப்பத்தில், பொதுவாக 82 முதல் 88 பாகைக்குள், அது திறக்கத் தொடங்க வேண்டும். காரில் பொருத்திய நிலையில் குழாயைக் கையால் தொட்டுச் சோதிக்க வேண்டாம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எது சூடு கூடியது என்று கை சொல்லிவிடும். 90 பாகையில் உள்ள குழாயில் கை வெந்துவிடும்.

கிணற்று நீர் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரக் கிணறுகளில் உவர் கலப்பது புதிதல்ல. கேத்தலின் அடியில் படியும் அதே வெண்படலம் எஞ்சினுக்குள்ளும் படியும், டர்போவின் ஒடுங்கிய நீர்வழியில் அது முதலில் அடைக்கும். வழியில் வேறு கதியில்லாமல் ஊற்றினீர்கள் என்றால், எஞ்சின் குளிர்ந்த பின்னரே ஊற்றி, வீடு வந்ததும் முழுவதையும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, கார்க் கையேடு கூறும் கூலன்டை இடுங்கள். ரேடியேற்றருக்கும் இன்டர்கூலருக்கும் இடையில் சேரும் மணலையும் சருகையும், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவான நீரால் கழுவலாம். பலத்த பீச்சல் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

பழுது தீர்ந்த பின் மிஞ்சுவது காற்று. டர்போவின் குழாய்கள் உயரத்தில் இருப்பதால் காற்று அங்கே சிக்கிக்கொள்ளும். காரின் முகத்தை ஏற்றத்தில் நிறுத்தி, ஹீற்றரை முழுதும் திறந்து, காற்று வெளியேற்றும் திருகாணி இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று கூலன்ட் சீராக வரும்வரை மெல்ல ஊற்றுங்கள். பிறகு நண்பகல் நகர நெரிசலில் ஏ.சி.யோடு அரை மணிநேரமும், அடுத்த நாள் கந்தளாய்வரை ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். தொட்டியின் வெளிப்புறத்தில் குளிர்ந்த நேர மட்டத்தில் ஒரு சிறு நாடாவை ஒட்டித் திகதி எழுதிவைத்து, காலைதோறும் ஒப்பிடுங்கள். காற்று வெளியேறியதால் முதல் ஓரிரு நாளில் சற்று இறங்கலாம். ஒரு வாரத்துக்குப் பின்னும் மட்டம் நாடாவுக்குக் கீழே போய்க்கொண்டிருந்து, தரையும் காய்ந்தே இருந்தால், டோர்ச்சை முதலில் டர்போவின் பக்கம் திருப்புங்கள்.