அறுபதுக்கு மேல் யோகா: உடம்பு சொல்லாததையும் கவனியுங்கள்

"உடம்பு சொல்வதைக் கேளுங்கள்" என்று யோகா வகுப்புகளில் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அறுபதைத் தாண்டிய உடம்பு சில முக்கியமான விஷயங்களைச் சொல்வதே இல்லை. பெரியவர்கள் செய்யும் மோசமான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி குறைவது வலியே தராது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு வேகமாகவே குறையும். அது தெரியாமல், காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பஸ்சிமோத்தானாசனத்தில் முதுகை வளைத்து, நெற்றியை முட்டியில் வைத்தே தீருவேன் என்று பாடுபடுகிறார்கள். அப்படிக் குனியும்போது முதுகெலும்புகளின் முன்பக்கத்தில்தான் அழுத்தம் கூடுகிறது; நலிந்த எலும்பு அதில் நசுங்கிவிடலாம். உயரம் குறைந்திருக்கிறது, கூன் தெரிகிறது என்றால் மருத்துவரைக் கேட்டு, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அதுவரை, மல்லாந்து படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனமும் வேண்டாம். குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் லேசாகத் தூக்குவது பலருக்கு ஒத்துவரும், முதுகுத் தசைக்கும் நல்லது.

கண்ணும் அப்படித்தான். கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய் இருப்பவர்கள் சிரசாசனத்தை விட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நின்றபடி குனிந்தாலும், கையையும் காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்திலும் கண்ணழுத்தம் ஏறும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கு, மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் கால் அழுந்துவது உறைக்காது. எழுந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், எங்காவது சிவந்திருக்கிறதா என்று.

சவாசனத்தில் படுத்திருக்கும்போது செல்போன் அடித்தால் விருட்டென்று எழுவது இன்னொரு தவறு. பிரஷர், புராஸ்டேட் மாத்திரை சாப்பிடும் சிலருக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளி வரை, அதற்கு மேலும்கூட இறங்கிவிடும். கண் இருட்டும், விழுவார்கள். ஒருக்களித்துப் படுங்கள். கையை ஊன்றி உட்காருங்கள். கால் விரல்களை நாலு தடவை மடக்கி நீட்டுங்கள். அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள்.

மூச்சை அடக்கிப் பிடிப்பதும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டினால் அந்த ஆசனம் அன்றைக்கு வேண்டாம். தசை இழுபடுவது பரவாயில்லை. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் உடனே நிறுத்துங்கள்.

கோவை நானம்மாள் பாட்டி தொண்ணூறுக்கு மேல் உடம்பை வளைத்த வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், சிறு வயதிலிருந்தே விடாமல் செய்தவர். அறுபத்தைந்தில் தொடங்குபவருக்கு அந்த வளைவு இலக்காக இருக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வெட்கப்படுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சென்னையில் நூறு வயது வரை வாழ்ந்த யோகா குரு கிருஷ்ணமாச்சாரியாரே ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்றிக் கொடுத்தவர்தானே!

வகுப்பில் சேரும் அன்றே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மூட்டில் அறுவை சிகிச்சை நடந்தது, கடைசியாக எப்போது கீழே விழுந்தீர்கள் என்பதை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். கேட்டுக்கொண்டு எதையும் மாற்றித் தராதவர் என்றால், வேறு வகுப்பு பாருங்கள்.