கட்சினா பொம்மையைப் பார்த்து அறிவது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மூன்று மேட்டுநிலங்களில் வாழும் ஹோப்பி மக்கள், மழையையும் விளைச்சலையும் கொண்டுவரும் ஆவியுருக்களைக் கட்சினா என்று அழைக்கிறார்கள். அவற்றின் சாயலில் மரத்தில் செதுக்கப்படும் உருவத்துக்கு அவர்கள் மொழியில் திஹு என்று பெயர். செதுக்கும் முறையை நான் இங்கே எழுதவில்லை. அது ஹோப்பியருக்கே உரியது. ஒரு திஹுவை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

முதலில் மரத்தைக் கவனியுங்கள். மரபான திஹு காட்டன்வுட் மரத்தின் வேரில் செதுக்கப்படுகிறது. நீரோடைக் கரையில் வளரும் அம்மரத்தின் வேர் நீரைத் தேடிச் செல்வது. மழையை வேண்டும் மக்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

அடுத்து, உடல் தட்டையா, முழு உருவமா என்று பாருங்கள். கைக்குழந்தைக்குக் கொடுப்பது பலகை போன்ற தட்டை உருவம். பெரும்பாலும் அது கட்சினாக்களின் தாயான ஹஹாயிவூட்டியாக இருக்கும்: வெள்ளை முகம், கன்னங்களில் சிவப்பு வட்டங்கள்.

மூன்றாவது படியாகத் தலைக்கு வாருங்கள். இங்கே அவசரப்பட வேண்டாம். உடையும் கைப்பொருளும் பலவற்றுக்குப் பொதுவாக இருக்கக்கூடும் என்பதால், இன்ன கட்சினா என்பதைப் பெரும்பாலும் தலைதான் காட்டிக்கொடுக்கும். இருபுறமும் காக்கைச் சிறகுகள் விரிந்திருந்தால் அது காக்கைத் தாய். சேற்று நிறத் தலையில் உருண்டைப் புடைப்புகள் இருந்தால் கோமாளியான கோயெம்சி. நிறமும் பேசும்: மஞ்சள் வடமேற்கையும், நீலப்பச்சை தென்மேற்கையும், சிவப்பு தென்கிழக்கையும், வெள்ளை வடகிழக்கையும் குறிக்கும்.

பிறகு பருவத்தோடு பொருத்திப் பாருங்கள். குளிர்காலத்தில் ஊருக்குள் வரும் கட்சினாக்கள், ஜூலையில் நடக்கும் நிமான் சடங்குக்குப் பின், பிளாக்ஸ்டாப் நகருக்கு அருகிலுள்ள சான் பிரான்சிஸ்கோ சிகரங்களுக்குத் திரும்புவதாக நம்பிக்கை. பிப்ரவரியில், நிலத்தடிச் சடங்கு அறையான கிவாவில் அவரை விதைகளை முளைக்கவைத்து நடத்தும் பொவமுயா சடங்கிலும், நிமானிலும், கட்சினாக்களே சிறுமிகளுக்குத் திஹுவைக் கொடுக்கின்றன. அது வீட்டுச் சுவரிலோ உத்தரத்திலோ தொங்கி, பார்க்கும் குழந்தைக்கு ஒவ்வொரு கட்சினாவையும் அறிமுகப்படுத்தும்.

வாங்க விரும்பினால், செதுக்கியவர் யார் என்று கேளுங்கள். பூர்வகுடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பதை அமெரிக்காவின் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால், சடங்கில் கட்சினாவாக வருவோர் அணியும் முகமூடி வேறு. ஹோப்பியருக்கு அது உயிருள்ளது, விற்பனைக்குரியதே இல்லை. 2013 ஏப்ரலில் பாரிசில் அவர்களது எதிர்ப்பையும் மீறி முகமூடிகள் ஏலம் போயின. அதே ஆண்டு டிசம்பர் ஏலத்தில் அன்னென்பெர்க் அறக்கட்டளை 24 பொருள்களை வாங்கியது. அவற்றில் 21 ஹோப்பியருக்குத் திருப்பித் தருவதற்காக.