தட்டிப் பாருங்கள், எண் போடுங்கள், அப்புறம் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். இருபது வருஷத்துக்கு மேல் முழங்காலில் உட்கார்ந்தே பிழைப்பு நடக்கிறது. அதனால் டைல்ஸ் புகார்களை நான் கேட்பது வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து. ஆரம்பம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "மேஸ்திரி, நீங்க போட்ட டைல்ஸ் எல்லாம் போச்சு." அந்த "எல்லாம்" காதில் விழுந்ததுமே எனக்குள் ஒரு வக்கீல் எழுந்துவிடுவான். எல்லாம் எப்படிப் போகும்? பீரோவை இழுத்தீர்களா? டைல்ஸ் வாங்கிக் கொடுத்தது யார்? பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருப்போம். டைல்ஸ் அப்படியே கிடக்கும்.

ஒரு வீட்டுக்கார அம்மா மட்டும் வேறு மாதிரி பேசினார். "தம்பி, ஹால்ல 64 டைல்ஸ் இருக்கு. அதுல 11 தட்டினா உள்ளே காலியா கேக்குது. எண் போட்டு வெச்சிருக்கேன். எப்ப வந்து பாக்கறீங்க?" இதற்கு என்ன பதில் வாதம் செய்வது? மறுநாள் காலையே போய் நின்றேன். அவர் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், கூடவே எங்கள் தொழிலில் நாங்கள் வெளியே சொல்லாத சிலவற்றையும்.

முதல் வேலை தட்டுவது. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடி போதும். இரும்பால் தட்டாதீர்கள், ஓரம் தெறிக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு டைலிலும் நான்கு மூலை, ஒரு நடு என்று ஐந்து இடத்தில் தட்டுங்கள். நன்றாகப் பிடித்த டைல் "டக்" என்று கெட்டியாக நிற்கும். பிடிக்காதது "டொப்" என்று காலிப் பானை மாதிரி கேட்கும். பத்து டைல் தட்டுவதற்குள் காது பழகிவிடும். சந்தேகப்பட்டதன் மேல் பேப்பர் டேப் ஒட்டி அதில் எண் எழுதுங்கள். டைலிலேயே மார்க்கரால் எழுத வேண்டாம், பளபளப்பு இல்லாத டைலில் மை இறங்கினால் அது தனிப் புகார் ஆகிவிடும். அப்புறம் ஒரு நோட்டில் அறையைக் கட்டம் கட்டமாக வரைந்து, எந்தக் கட்டத்தில் எந்த எண், காலிச் சத்தம் மூலையில் மட்டுமா முழுவதுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டப் படம்தான் முக்கியம். ஏன் என்று பின்னால் வருகிறது.

ஏற்ற இறக்கத்துக்கு உங்கள் ஏடிஎம் கார்டே அளவுகோல். அதன் கனம் 0.76 மில்லிமீட்டர். ஒட்டிய தளத்தில் பக்கத்துப் பக்கத்து டைல்களுக்கு இடையே, ஜாயிண்ட் குறுகலாக இருந்தால், ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் வரை தொழிலில் ஒத்துக்கொள்வார்கள். டைலே கொஞ்சம் வளைந்து வந்திருந்தால் அந்த வளைவையும் இதோடு சேர்த்துக்கொள்வார்கள். தாழ்ந்த டைலின் மேல் கார்டை வைத்துப் பக்கத்து டைல் ஓரத்தோடு அணைத்துப் பாருங்கள். கார்டுக்கு மேலும் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் கேட்க வேண்டிய கேள்விதான். ராத்திரியில் சுவரோரம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எந்தத் தளமும் கடல் அலை மாதிரிதான் தெரியும். அந்தப் படத்தை எனக்கு அனுப்பினால் நான் கோபப்படத்தான் செய்வேன், நியாயமும் என் பக்கம்தான்.

குளியலறையில் வாட்டம். மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை, தண்ணீர் வெளியேறும் ஜாலியைப் பார்த்து தரை இறங்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஈரம் படிந்திருப்பது சகஜம். குட்டை நின்றால் குற்றம், அதில் வாதமே இல்லை. டைல் இடுக்கை நிரப்பும் க்ரவுட்டில் ஊசித் துளை, நிறத் திட்டு இதெல்லாம் பெரும்பாலும் கலக்கும்போது தண்ணீர் அதிகமானதால் வருவது. சுரண்டி எடுத்துத் திரும்ப நிரப்பினால் சரியாகிவிடும். மேலோடு பூசிவிட்டுப் போக விடாதீர்கள், பழைய க்ரவுட்டை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது எடுத்தால்தான் புதிது நிற்கும்.

கூப்பிடுவதற்கு முன் இரண்டு பொருளைத் தேடி எடுங்கள். ஒன்று, ஒப்பந்தத் தாள் அல்லது கொட்டேஷன், அதுவும் இல்லாவிட்டால் போனில் இருக்கும் பழைய மெசேஜ்கள். டைல் கம் என்ற பசை போட்டு ஒட்டுவதாகப் பேச்சா, சிமெண்ட் கலவையா, டைல்ஸ் யார் வாங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று, மீந்த டைல்ஸ். அதே பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான டைல், கையில் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் பாதித் தீர்வு. வேறு பேட்ச் வாங்கினால் அதே மாடலிலேயே நிறம் மாறும், சில சமயம் அளவும் ஒரு மயிரிழை மாறும். மூலையில் பட்டால் கண்ணுக்குத் தெரியாது, நடு ஹாலில் பட்டால் வருஷம் முழுக்க உறுத்தும்.

வேறு ஆளைக் கூட்டிவந்து பெயர்த்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் பெயர்த்த டைலுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். யாரும் ஏற்க மாட்டார்கள்.

மெசேஜ் இப்படிப் போகட்டும்: "ஹாலில் மொத்தம் 64 டைல்ஸ். அதில் 11 தட்டினால் காலியாகக் கேட்கிறது. படமும் கட்டமும் அனுப்பியிருக்கிறேன். 3, 7 இரண்டும் காலில் அசைகின்றன. மீந்த டைல்ஸ் 16 இருக்கின்றன. இந்த வாரத்துக்குள் வந்து பாருங்கள், என்ன செய்யலாம் என்று பேசிக்கொள்வோம்." இவ்வளவுதான். ஏமாற்றிவிட்டாய், நாசமாக்கிவிட்டாய் என்ற சொற்களுக்கு என்னைப் போன்றவர்களிடம் ஆயிரம் பதில் இருக்கிறது. 3, 7 அசைகின்றன என்பதற்குப் பதில் இல்லை.

சரி, ஆள் வந்துவிட்டார். நீங்கள் தட்டிக் காட்டாதீர்கள், பிடியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தன் காதால் கேட்டதை யாரும் மறுப்பதில்லை. அப்புறம் இருவர் முன்னிலையிலும் மோசமான ஒரே ஒரு டைலைப் பெயர்க்கச் சொல்லுங்கள். உண்மை முழுவதும் அதன் முதுகில் எழுதியிருக்கும். ஐந்து உருண்டைப் பசை மட்டும் வைத்து அழுத்தியிருந்தால் ஐந்து வட்டம் தெரியும். பசை முழுக்கப் படியாமல் டைல் நிற்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குள் ஈரம் படாத இடத்தில் 80 சதவீதமும், குளியலறை, வெளிப்புறம் போன்ற இடங்களில் 95 சதவீதமும் டைலின் அடியில் பசை படிந்திருக்க வேண்டும் என்பது தொழிலில் பெரிதும் சொல்லப்படும் கணக்கு. டைலின் முதுகு வெள்ளைப் பொடியோடு இருந்தால் துடைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். பசை மொத்தமும் டைலோடு வந்து, கீழே தளம் புழுதியோடு தெரிந்தால் தரையைக் கூட்டவில்லை. வைட்ரிஃபைடு டைலைச் சிமெண்ட் பாலில் உட்கார வைத்திருந்தால் முதுகு கழுவிய தட்டு மாதிரி சுத்தமாக வரும். அந்த டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சிமெண்ட் பால் இறங்கிப் பிடிக்க அதில் வழியே இல்லை.

அந்த அம்மா வீட்டில் பசை தரையிலேயே இருந்தது. பல் வைத்த கரண்டி இழுத்த கோடுகள் கலையாமல், சீப்பால் வாரியது போல அப்படியே நின்றன. விரலால் தடவினேன், மேலே தோல் கட்டிக் காய்ந்திருந்தது. அவர் நோட்டை நீட்டினார். கட்டத்தில் 11 எண்ணும் ஜன்னலை ஒட்டிய இரண்டு வரிசைக்குள்ளேயே இருந்தன. எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல காற்று. பையன் ஒரே இழுப்பில் இரண்டு வரிசைக்கும் பசையை விரித்துவிட்டான், நான் அளவு வெட்டிக்கொண்டு வருவதற்குள் மேலே காய்ந்துவிட்டது, அதன் மேலேயே வைத்துத் தட்டிவிட்டேன். தெரிந்துதான் வைத்தேன். தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கட்டப் படம் இல்லாவிட்டால் டைல்ஸ் கம்பெனி மேல் போட்டிருப்பேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

எல்லாப் புகாரும் மேஸ்திரி தலையில் விழாது. ஒரு வரிசை முழுக்கக் கூடாரம் மாதிரி எழும்பி நின்றால், சுவரோரம் விரிவதற்கு இடைவெளி விடாதது பெரும்பாலும் காரணம், அது ஒட்டியவர் வேலை. ஒரே நேர்க்கோட்டில் நாலைந்து டைல் தாண்டி விரிசல் ஓடினால் அடியில் கான்கிரீட்டையே பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த புது டைல்கள் இரண்டை முகத்தோடு முகம் வைத்து நடுவில் இடைவெளி தெரிந்தால் டைலே வளைந்தது, விற்றவரிடம் போக வேண்டியது.

தீர்வுக்கு வருவோம். அசையும் டைல், விரிசல் விட்ட டைல், சுவரில் காலியாகக் கேட்கும் டைல், இவற்றை மாற்றத்தான் வேண்டும். சுவர் டைல் விழும், அதில் சமாதானமே வேண்டாம். தரையில் ஒரு மூலை மட்டும் காலி, அசையவில்லை என்றால் ஜாயிண்டில் துளைபோட்டு எபாக்ஸி என்ற கெட்டிப்படும் பசையைச் செலுத்தி நிரப்பலாம். அடியில் புழுதி இருந்தால் அதுவும் பிடிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு அறையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கெட்டிருந்தால் மொத்தமாகப் பெயர்த்துப் போடுவதுதான் மலிவு என்பது என் அபிப்பிராயம். குளியலறைத் தரையில் கை வைத்தால் அடியிலுள்ள வாட்டர்ப்ரூஃபிங் கிழியலாம். அதைச் சரிசெய்து, ஜாலியை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்த பிறகே புது டைல் போகட்டும். கண்ணுக்கு மட்டும் உறுத்துகிற சின்னக் குறை என்றால் கூலியில் கழித்துக்கொள்வது இருவருக்கும் நிம்மதி.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எந்த எண்கள், டைல் யார் தருவது, பசைச் செலவு யாருடையது, சாமான் நகர்த்துவது யார், எந்தத் தேதிக்குள் முடிப்பது, எல்லாம் அதில் வரட்டும். பாக்கிப் பணம் இருந்தால் முழுதையும் பிடித்து வைக்காதீர்கள். சரிசெய்ய ஆகும் செலவுக்குச் சற்றுக் கூடுதலாக நிறுத்தி வையுங்கள், மீதியைக் கொடுத்துவிடுங்கள். பத்துப் பைசா வராது என்று தெரிந்த வேலைக்கு நான் ஆள் கூட்டிவர மாட்டேன்.

ஆள் வரவே இல்லையா? சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதோடு தேதி குறித்துக் கடைசிக் கடிதம் ஒன்று. அதற்கும் அசையாவிட்டால் உங்கள் இடத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்ப்புக்குப் போகலாம். நோட்டும் படங்களும் மெசேஜ்களும் அங்கேயும் உதவும்.

வேலை முடிந்ததும் உடனே பணத்தை எடுக்க வேண்டாம். ஒரு நாள் யாரும் மிதிக்காமல் விடுங்கள். அப்புறம் புது டைலைத் தட்டுங்கள், அதைச் சுற்றியிருக்கும் எட்டையும் தட்டுங்கள். உளி வைத்து ஒன்றைப் பெயர்க்கும்போது பக்கத்தில் இருப்பதும் ஆட்டம் கண்டுவிடும். அந்த அம்மாவும் தட்டிப் பார்த்தார். 11 மாற்றப் போனவன் 13 மாற்றிவிட்டு வந்தேன். மிச்சம் மூன்று டைலைப் பெட்டியில் போட்டு, பேட்ச் எண் வெளியே தெரியும்படி சுவரோரம் செங்குத்தாக நிறுத்திவிட்டுத்தான் அவர் பர்ஸைத் திறந்தார்.